நட்டைத் திருப்பி மாட்டிய திருடன்

போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட்டின் மூன்றாவது சந்தில், ஒரு தகரக் கொட்டகைக்குள், அந்த நீலக் கார் சிமெண்ட் கற்களின் மேல் உட்கார்ந்திருந்தது. நான்கு சக்கரங்களும் இல்லை. காருக்கு அடியில் மூன்று பூனைகள் இருந்தன.

"சாட்சிகள் ஆஜர் மேடம்" என்றான் செந்தமிழன். "மூணு பேரும் நமக்கு முன்னாடியே வந்து தரையை முகர்ந்து பார்த்துட்டிருக்காங்க."

வசந்தகுமாரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, இது நிஜ விபத்தா, பொய் விபத்தா என்று இன்சூரன்ஸுக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் பதினெட்டு வருஷம் இருந்தவள் அவள். அதை விட்டுவிட்டு டாலிகஞ்சில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, கூட வந்து சேர்ந்தவன் செந்தமிழன். அதற்கு முன்னால் அவன் படகுத்துறையில் மைக் பிடித்து ஹேவ்லாக் தீவுப் படகு புறப்படும் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். பதிவு செய்த ஒரு பெண் குரல் வந்து அந்த வேலையைப் பறித்துக்கொண்டது. வேலை போனாலும் தொண்டை அப்படியே இருந்தது. ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

காரின் சொந்தக்காரர் கோவிந்தராஜ் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். வயது அறுபத்தாறு. முப்பத்து நாலு வருஷம் அரசாங்க பஸ் ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் அகிலா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். மருமகன் கப்பலில், வருஷத்தில் மூன்று மாதம்தான் வீட்டில் இருப்பான். ஏழு வயதுப் பேத்தி சௌமியாவைப் பள்ளிக்கும் பாட்டு வகுப்புக்கும் காரில் கொண்டு விடுவதும் அழைத்து வருவதும் தாத்தாவின் வேலை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியே வந்து பார்த்தால் வண்டி இப்படி நின்றது என்றார் அவர். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பூட்டு நட்டு போட்டிருந்ததாம். சாதாரண நட்டை எந்த ஸ்பேனரிலும் கழற்றிவிடலாம். பூட்டு நட்டின் தலையில் பூப்போல ஒரு வெட்டு இருக்கும். அதற்கென்று செய்த சாவி பொருந்தினால்தான் அது திரும்பும். டாலிகஞ்ச் டயர் கடைக்காரர் சண்முகம்தான் மாட்டிக் கொடுத்தார்.

"சாவி என் இடுப்ப விட்டு எறங்கறதே இல்லம்மா. குளிக்கிறப்பகூட பக்கத்துலதான் இருக்கும்" என்று சொல்லி, இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். வீட்டுச் சாவி, கார் சாவி, அவற்றோடு கட்டைவிரல் பருமனில் அந்த எஃகுச் சாவி.

அப்படியானால் கள்ளச் சாவி செய்திருக்க வேண்டும், செய்யக்கூடியவன் சண்முகம் ஒருவன்தான் என்பது அவர் முடிவு. நேற்று காலை முழுக்க அவன் கடை வாசலில் நின்று திருடன் திருடன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். போலீசுக்கு ஏன் போகவில்லை என்று வசந்தகுமாரி கேட்டாள். போக வேண்டாமென்று தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை என்றார்.

ஓர் அவசரமும் இருந்தது. நாளை ஞாயிறு. மறுநாள் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. ஜங்லிகாட்டிலிருந்து ஒருவன் நாளை சாயங்காலம் நாலு பழைய சக்கரம் கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

"திங்கக்கிழம புள்ளய ஸ்கூல்ல எறக்கறது என் டியூட்டி. அத ஒருத்தருக்கும் விட்டுக் குடுக்க மாட்டேன்" என்றார். "ஆனா திருடன் யாருன்னு தெரியணும். இல்லன்னா அதையும் வந்து எடுத்துட்டுப் போவான். சஹி ஹை நா, சரிதானே?"

உள்ளே போய் டீ கொண்டுவந்தார். சர்க்கரை போதுமா என்று விசாரித்தார். குடித்து முடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, மறுபடி உள்ளே போய் டீ கொண்டுவந்தார். சர்க்கரை போதுமா என்று விசாரித்தார்.

"கேஸ் முடியறதுக்குள்ள எனக்குச் சுகர் வந்துரும்" என்று முனகினான் செந்தமிழன். வசந்தகுமாரி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டாவது டீயையும் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

கோவிந்தராஜ் டம்ளர்களைக் கழுவப் போனதும் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"என்ன தெரியுது?"

"சக்கரம் இல்லாதது தெரியுது மேடம்."

"இருக்கறதைப் பாரு."

பார்த்தான். சக்கரம் மாட்டும் இடத்தில் ஒவ்வொரு பக்கமும் நாலு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாலிலும் நட்டு இருந்தது. மூன்று சாதாரண நட்டு, ஒரு பூட்டு நட்டு. நாலு பக்கமும் அப்படியே. மொத்தம் பதினாறு. ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை. சக்கரத்தை உருவிய பிறகு, யாரோ நிதானமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் திருகி மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கல்லுக்கும் வண்டிக்கும் நடுவே மடித்த கோணிச் சாக்கு வேறு. பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்பதற்காக.

"இன்னும் அரை மணி இருந்திருந்தா வண்டியைக் கழுவித் துடைச்சுட்டுப் போயிருப்பான்" என்றான் செந்தமிழன். சொல்லும்போதே அவனுக்கும் என்னவோ உறுத்தியது.

வசந்தகுமாரி ஒரு பூனையை நகர்த்தி, அது நக்கிக்கொண்டிருந்த இடத்தில் நகத்தால் சுரண்டினாள். விரல் நுனியில் வெள்ளிப் பொட்டுப்போல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. மீன் செதில்.

●

சண்முகம் நாற்பது வயதுக்காரர். கைகள் முழங்கை வரை கறுப்பு. அவர்கள் கோவிந்தராஜின் பெயரைச் சொன்னதும், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நின்றார். பள்ளிக்குப் போனதே அவர் பஸ்ஸில்தான் என்றார். ஓடிவருவது தெரிந்தால் நிறுத்தி வைத்துக் காத்திருப்பாராம். அந்த மனிதர் நடுரோட்டில் நின்று திருடன் என்று சொன்னபோது, எதிர்த்து ஒரு வார்த்தை பேச வரவில்லை. இன்று காலையிலிருந்து கடைக்கு இரண்டே வண்டிதான் வந்திருக்கிறது.

பூட்டு நட்டு உண்மையிலேயே சக்கரத்தைக் காப்பாற்றுமா என்று வசந்தகுமாரி கேட்டாள். சண்முகம் செய்தே காட்டினார். ஒரு பழைய பூட்டு நட்டைப் போல்ட்டில் மாட்டினார். அதைவிட நூல் அளவு சின்னதான, நட்டைக் கவ்வித் திருப்பும் ஒரு பழைய சாக்கெட்டை அதன் தலைமேல் வைத்துச் சம்மட்டியால் நாலு அடி அடித்தார். சாக்கெட் இறுகக் கவ்விக்கொண்டது. நீளமான இரும்புக் குழாயைச் சொருகி ஒரு அழுத்து. நட்டு கழன்று வந்தது. செந்தமிழன் மொபைலில் நேரம் பார்த்தான். ஒன்றரை நிமிஷம்.

"வெளியூர் போறப்ப நான் என் வீட்டுக் கதவைப் பூட்டவே வேணாம் போலயே" என்றான்.

"பூட்டுன்னு சொல்லி விக்கிறோம்" என்றார் சண்முகம். "கத்துக்குட்டி வந்தா திரும்பிப் போயிருவான். தெரிஞ்சவன் வந்தா ரெண்டு நிமிஷம் தாமசம் ஆகும், அவ்வளவுதான். ஆனா பாருங்க, காயம் இல்லாம வராது."

உண்மைதான். கழன்ற நட்டின் தலை நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது. வசந்தகுமாரி தன் போனில் எடுத்திருந்த படங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். கோவிந்தராஜின் காரில் இருந்த நாலு பூட்டு நட்டிலும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

சண்முகம் அதை நெடுநேரம் பார்த்தார். இது சாவி போட்டுத் திறந்தது என்றார். இந்த வகைக்குச் சாவி ஒன்றுதான் வரும். நகல் வேண்டுமானால் சாவியோடு வந்த அட்டையில் உள்ள நம்பரை மெயின்லேண்டில் கம்பெனிக்கு எழுத வேண்டும். அட்டையையும் அன்றைக்கே அவர் கையில் கொடுத்தாகிவிட்டது.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபோது செந்தமிழன் தன் தீர்ப்பைச் சொன்னான். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. சாவி போட்டுத்தான் திறந்திருக்கிறது. ஆகவே கிழவர் தானே கழற்றிவிட்டு இன்சூரன்ஸ் கேட்கப் போகிறார்.

"இன்சூரன்ஸ் கேக்கறவர் முதல்ல எங்க போவார்?"

"போலீசுக்கு."

"போனாரா?"

செந்தமிழன் காதைச் சொறிந்தான்.

"சரி, நீ திருடன்" என்றாள் அவள். "இந்தத் தீவுல நாலு சக்கரத்தை எங்க விப்ப?"

யோசித்துப் பார்த்தான். போர்ட் பிளேரில் டயர் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லோருக்கும் எல்லோருடைய வண்டியும் தெரியும். சென்னைக் கப்பலில் ஏற்றுவதென்றால் சரக்குச் சீட்டில் பெயர் எழுத வேண்டும். தலையில் சுமந்துகொண்டு கடலில் நீந்த வேண்டியதுதான் என்றான்.

"விக்க முடியாது. அப்ப விக்கறதுக்காக எடுக்கல. நட்டு தொலையக்கூடாது, வண்டி கெடக்கூடாதுன்னு அவ்வளவு அக்கறை வேற. பின்ன எதுக்கு எடுத்தான்?"

செந்தமிழன் ஸ்கூட்டரின் சக்கரத்தைப் பார்த்தான்.

"வண்டி ஓடக்கூடாது. அவ்வளவுதான் அவனுக்கு வேணும்" என்றாள் வசந்தகுமாரி. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில், துப்புக் கிடைத்தால் வழக்கமாக வரும் வெளிச்சம் வரவில்லை.

மீன் செதில் செந்தமிழனின் பங்காயிற்று. திரும்பவும் குட்வில் எஸ்டேட் போய், எதிர்வீட்டுச் சித்ராவிடம் விசாரித்தான். வியாழக்கிழமை ஒன்பது மணி வாக்கில் வண்டூர் முத்துவீரனின் மீன் வண்டி சந்துக்குள் வந்தது என்றாள் அவள். சின்ன பிக்கப், பின்னால் தார்ப்பாய். சந்துக்குள் வராத வண்டி வந்திருக்கிறதே என்று பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். இன்று மீன் இல்லை என்று சொல்லிவிட்டாராம். தார்ப்பாய்க்கு அடியில் புடைத்துக்கொண்டு என்னவோ இருந்தது.

"மீன் வண்டியில மீன் இல்லன்னு சொல்ற மீன்காரன்" என்றான் செந்தமிழன், வசந்தகுமாரியைப் பின்னால் ஏற்றி ஸ்கூட்டரைக் கிளப்பியபடி. "மேடம், கேஸ் முடிஞ்சுது."

●

கராச்சர்மா தாண்டி, பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே முக்கால் மணி நேரப் பயணம். வண்டூரில் சாலை கடலில் போய் முடிகிறது. சுற்றுலாப் படகுகள் நிற்கும் துறைக்கு இந்தப் பக்கம், முதலை எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால், முத்துவீரனின் வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். மனைவி மருதாயி கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

இவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பம். சுனாமி கச்சாலைத் தின்றபோது, கப்பலில் வந்து இறங்கியவர்களை முகாமுக்குக் கொண்டுபோன பஸ்ஸை ஓட்டியவர் கோவிந்தராஜ். அன்றிலிருந்து பழக்கம். இதையெல்லாம் முத்துவீரன் முதலில் சொல்லவில்லை. வசந்தகுமாரி அவர் வீட்டின் பக்கவாட்டில் நடந்து போய், குவித்து வைத்திருந்த பழைய வலையை ஒரு பக்கமாகத் தூக்கினாள். நாலு சக்கரங்களும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

முத்துவீரன் எழுந்து நின்றார். "நான்தாங்க எடுத்தேன்" என்றார். "ஆசையில எடுத்துட்டேன். என்னைய போலீஸ்ல புடிச்சிக் குடுங்க."

மருதாயி கருவாட்டுக் கூடையை அப்படியே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

செந்தமிழன் போனை எடுத்தான். வசந்தகுமாரி அவன் கையைத் தடுத்தாள். பிக்கப்பிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவரச் சொல்லி முத்துவீரனிடம் கொடுத்தாள்.

"எப்படிக் கழட்டுனீங்கண்ணே?"

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். "இதாலதாங்க. நாலு நட்டையும்."

"நாலையும் இதாலயா?"

"ஆமாங்க. கொஞ்சம் இறுக்கமா இருந்திச்சு. மிதிச்சேன், வந்திருச்சு."

நாலில் ஒன்று பூட்டு நட்டு, அதற்கு இந்த ஸ்பேனர் சேராது என்பது அவருக்குத் தெரியவில்லை. பூட்டு நட்டு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. வசந்தகுமாரி ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க கழட்டல. தூக்கிட்டு மட்டும்தான் வந்தீங்க" என்றாள். "கழட்டிக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்ணே. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

முத்துவீரன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். சொல்லிவிடச் சொன்னாளா, வேண்டாமென்றாளா என்று செந்தமிழனுக்குப் புரியவில்லை. முத்துவீரன் மணலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

போன சனிக்கிழமை சாயங்காலம், படகு இறக்கும் சரிவில் கோவிந்தராஜின் கார் வந்தது. நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கியது. முத்துவீரன் கத்திக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். தண்ணீர் முன்கதவுக்கு வந்துவிட்டது. பின்சீட்டில் சௌமியா பாட்டு நோட்டோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். தாத்தா காரைப் படகாக ஓட்டுகிறார் என்று நினைத்தாளாம். பாட்டு வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி பத்து நிமிஷம். அவர் இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறார். இறங்கி நின்று, இது எந்த ஊர் முத்து என்று கேட்டார். முப்பத்து நாலு வருஷத்தில் இந்த வண்டூர் ரோட்டில் மட்டும் பாதிக் காலம் பஸ் ஓட்டியவர்.

"கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிருச்சு அவருக்கு. தெளிஞ்ச பெறகுதான் பார்க்க முடியல" என்றார் முத்துவீரன். "அழுதாரு. அகிலாகிட்ட சொல்லிராத, புள்ளய என்கிட்ட விடாம ஆக்கிருவாள்னாரு. கார் சாவிய ஒளிச்சு வச்சாராம். ரெண்டு வாட்டி. அவரே தேடி எடுத்திட்டாராம்."

புதன்கிழமை அவர் பஸ்ஸில் வந்து, மறுநாள் காலை வண்டி கொண்டுவரச் சொன்னார். முத்துவீரன் போனபோது அகிலா ஆஸ்பத்திரியில், பிள்ளை பாட்டு வகுப்பில். கோவிந்தராஜ் ஜாக்கி போட்டு எல்லாவற்றையும் தானே கழற்றி வரிசையாக வைத்திருந்தார்.

"என்னா சொன்னாரு தெரியுங்களா? நானே வந்து கேப்பேன் முத்து. சண்டை போடுவேன், கெட்ட வார்த்தை சொல்லுவேன், ஆளனுப்புவேன். குடுக்காத. நான் செத்தாலும் குடுக்காத. அப்புடின்னாரு."

நேற்று சாயங்காலம் கோவிந்தராஜ் இங்கே வந்திருக்கிறார். சக்கரம் கேட்க அல்ல. சக்கரம் திருட்டுப் போனதைச் சிநேகிதனிடம் சொல்லி அழ. முத்துவீரன் அவர் தோளில் கைபோட்டு, கிடைத்துவிடும் அண்ணே, கிடைத்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரங்கள் இருந்தன.

செந்தமிழன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது டீ ஞாபகம் வந்தது. அதைக் குடிக்கும்போதே மேடத்துக்குத் தெரிந்திருக்கிறது.

முத்துவீரன் தன் போனை எடுத்தார். அன்று காலை கோவிந்தராஜ் இதில் பேசிப் பதிவு செய்யச் சொன்னாராம். நான் நம்பாமல் போனால் போட்டுக் காட்டு என்றாராம். நேற்று போட்டிருக்க வேண்டும். மனசு வரவில்லை.

"நாளைக்கு அவருக்கு வேற சக்கரம் வருதுண்ணே" என்றாள் வசந்தகுமாரி. "திங்கக்கிழமை புள்ள அந்த வண்டியில ஏறும்."

முத்துவீரன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, தானும் வருவதாகச் சட்டையைத் தேடினார்.

●

அகிலா பணி முடிந்து வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வசந்தகுமாரி அவளைக் கொட்டகைப் பக்கம் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். சௌமியா தண்ணீருக்குள் போன இடம் வந்ததும் அகிலா காரின் கூரையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பேசினாள். ரெண்டு மாசம் முன்னால் ஒரு நாள், உன் அம்மா இன்னும் கோயிலிலிருந்து வரவில்லையா என்று கேட்டாராம். அம்மா இறந்து ஆறு வருஷம். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டாளாம்.

"நினைச்சுக்கிட்டேன்னு இல்ல மேடம்" என்று திருத்திக்கொண்டாள். "தினமும் ரத்தம் பாத்து யாருக்கு என்ன வியாதின்னு எழுதறவ நான். அப்பாவுக்கு மட்டும் பாக்கறதுக்குப் பயந்துட்டேன்."

உள்ளே கோவிந்தராஜ் அவர்களை வரவேற்று, டீ போடட்டுமா என்றார். முத்துவீரனைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். திருடன் கிடைத்தானா என்று கேட்டார். வசந்தகுமாரி அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டான், நல்ல மனுஷன், அவன் பேசியதைக் கேளுங்கள் என்று சொல்லி, போனை அவர் மடியில் வைத்து அழுத்தினாள்.

முதலில் காக்கைச் சத்தம். பிறகு அவர் குரல்.

"கோவிந்தராஜ் பேசறேன். கோவிந்தராஜ்கிட்டதான் பேசறேன். இன்னிக்கு வியாழக்கிழம, காலைல ஒம்பது மணி. எனக்கு இப்ப எல்லாம் தெளிவா இருக்கு. சக்கரத்த நான்தான் கழட்டினேன். போன சனிக்கிழம நீ சௌமியாவோட கடலுக்குள்ள எறங்கிட்ட. உனக்கு அது ஞாபகம் இருக்காது. முத்துவோட சண்ட போடாத. யாரையும் சந்தேகப்படாத. முப்பத்தினாலு வருஷம் ஒரு உசுருக்கும் ஒண்ணும் ஆகாம ஓட்டிட்ட. பஸ் கரோ, போதும். எறங்கிரு."

கடைசியில் மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு முடிந்தது.

அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டாள். இரண்டாவது தடவை கேட்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மெல்லத் தலையாட்டினார். பஸ் டிப்போவில் மேலதிகாரி சொல்வதைக் கேட்டுக்கொள்கிற டிரைவர் மாதிரி இருந்தது அது. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து கார் சாவியையும் பூட்டு நட்டின் சாவியையும் பிரிக்கப் பார்த்தார். அகிலா உதவிக்கு வந்தாள். வேண்டாமென்று தலையசைத்து, தானே பிரித்து அவள் கையில் வைத்தார்.

"அம்மாடி, நாளைக்கு நான் மறுபடி கேப்பேன்" என்றார். "இதயே போட்டுக் காமி. கோவப்படாத."

அகிலா அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்தார். சண்முகத்தை என்னவெல்லாம் சொல்லிவிட்டேன், போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நாளைக்குப் போகலாம் அப்பா என்றாள் அகிலா. இப்போதே போக வேண்டும் என்றார். ஏன் இப்போதே என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே போய் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

செந்தமிழன் அவரை ஆட்டோவில் அழைத்துப் போனான். வழியெல்லாம் அவர் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும், அங்கே வழக்கமாக ஏறுகிறவர்களைப் பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் இருபது வருஷத்துக்கு முந்தியவை. ஒன்றிலும் தப்பில்லை. டாலிகஞ்சில் டயர் கடைக்கு எதிரே ஆட்டோ நின்றது. வெயில் இறங்கியிருந்தது. இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டவர், கடையின் பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

"இங்க எதுக்குத் தம்பி வந்தோம்? நம்ம வண்டில காத்து கம்மியா?"

செந்தமிழன் அவர் முகத்தைப் பார்த்தான். கள்ளமே இல்லாத முகம். ஆமாம் சார், காத்துதான் என்று சொல்லி அதே ஆட்டோவில் திருப்பி அழைத்துப் போய்விடலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சண்முகம் இவர்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வசவுக்குத் தயாராவதுபோல எழுந்து நின்றார்.

"சண்முகம் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தோம் சார்" என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக அவன் குரல் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்டது.

"நான் என்ன பண்ணேன்?"

"அவர திருடன்னு சொல்லிட்டீங்க. அவர் ஒண்ணும் எடுக்கல."

கோவிந்தராஜ் யோசித்தார். தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பயமும் தெரிந்தது. பிறகு, அப்படிச் சொல்லியிருந்தால் தப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இரண்டு பக்கமும் வண்டி பார்த்து ரோட்டைக் கடந்தார்.

சண்முகம் கடை வாசலுக்கு வந்தார். கோவிந்தராஜ் அவருடைய கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"ஏதோ பெருசா சொல்லிட்டேனாம்ப்பா உன்ன. என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகம் வரல. ஆனா தப்பு என்னோடதுதான். மாப் கர் தே, மன்னிச்சிருப்பா."

சண்முகம் அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற செந்தமிழனைப் பார்த்தார். செந்தமிழன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். சண்முகத்துக்குப் புரிந்துவிட்டது. "நீங்க ஒண்ணும் சொல்லல சார்" என்றார். "உள்ள வந்து உக்காருங்க."

கைகளில் இருந்த கிரீஸ் வெள்ளைச் சட்டையின் கைமடிப்பில் கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.